மூன்றாவது இலை

எங்கள் வீட்டில் உயிரோடு இருந்தவர்களைவிடச் செத்துப்போனவர்களுக்குத்தான் சாப்பாட்டில் வக்கணை அதிகம். பெரியவருக்கு நெய்ச்சோறு வேண்டும். ஆட்டுக்கறியில் கொழுப்புத் துண்டு தனியாகப் பளபளவென்று தெரிய வேண்டும். இரண்டாமவருக்குக் கருவாட்டுக் குழம்பு, பொரித்த மூளை, சாப்பிட்டு முடித்ததும் ஒரு சிகரெட். அவர்கள் உயிரோடு இருந்தபோது இதையெல்லாம் நான் கவனித்தது கொஞ்சம்தான். படங்களாகிச் சுவரில் ஏறிய பிறகுதான் எல்லாம் மனப்பாடம் ஆயிற்று.

பெரியவர் என்று நான் சொல்வது என் கணவரின் மூத்த அண்ணனை. இரண்டாமவர் அடுத்த அண்ணன். என் கணவர் கடைக்குட்டி. சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இவர்களுக்கு மளிகைக் கடை இருந்தது. கீழே கடை, மேலே பலகைத் தரை போட்ட வீடு. ஐம்பதுகளின் நடுவில் செம்பவாங் பக்கத்திலிருந்து நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மாமியாரும் மாமனாரும் எப்போதோ போய்விட்டார்கள். வீட்டை நடத்தியது பெரியவரின் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மெலிந்த உடம்பு, வேகமான நடை, குறைவான பேச்சு. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். இரண்டு பேரும் எப்படியோ ஒத்துப்போனோம்.

கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அகலமான கைகள், சாய்ந்துகொள்ள வசதியான முதுகு. பெரியவர் காலையில் அதில் உட்கார்ந்தால் கடை அடைக்கும்போதுதான் எழுந்திருப்பார். டீ அங்கேயே வரும், பசியாறல் அங்கேயே வரும். அரிசி அளப்பதற்கும், நெய் டின்னைத் தூக்குவதற்கும், வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோவதற்கும் ஆட்கள் இருந்தார்கள். முதலாளி என்றால் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து நடக்கிறவன் கூலிக்காரன். அந்தத் தெருவே அப்படித்தான் நினைத்தது. முதலாளிக்கு வயிறு முன்னால் வந்தால், வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று ஊர் சந்தோஷப்பட்டது.

நான் கல்யாணமாகி வந்த மறு வருஷம் பெரியவர் அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். காலையில் பேப்பரை விரித்தவர், "நெஞ்சுல என்னமோ அடைக்குது" என்றாராம். கடையில் வேலை செய்த ஆள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் பேப்பர் மடியிலிருந்து சரிந்திருந்தது. ஐம்பதைக்கூடத் தொடவில்லை. அக்கா மாடிப்படியில் இறங்கி ஓடிவந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கருமாதி முடிந்த மறுநாளே இரண்டாமவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கடை காத்திருக்குமா? அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அக்கா அந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டவேண்டிய வயது. அதனால் பாசமும் அதிகம், சோறும் அதிகம். இரண்டு வருஷத்துக்குள் அவருக்கும் நெஞ்சு வலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரம் படுத்திருந்துவிட்டுத் திரும்பினார். உப்பு கூடாது, நெய் கூடாது, கருவாடு கூடவே கூடாது, படியேறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அக்கா அந்தக் கட்டளைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றினாள். அவருக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. அவரோ பத்தியச் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு சாயங்காலம் கீழ்க்கடையிலிருந்து யாரோ கருவாடு வாங்கிப் போன வாசனை மேலே வந்தது. நானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"அண்ணி, ஒரே ஒரு துண்டு. வாயெல்லாம் செத்துப்போச்சு" என்றார்.

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம் தம்பி" என்றாள்.

மறுநாள் காலையில் அவர் யார் சொல்லையும் கேட்காமல் கீழே இறங்கிப் போனார். படுத்தே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும், கொஞ்ச நேரம் கடையைப் பார்க்கிறேன் என்றார். அதே நாற்காலி. கடை திறந்து முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா அழவில்லை. "நாளைக்குன்னு சொன்னேனே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சவக்குளிப்பு நடக்கும்போதும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு பழைய வீடாக இல்லை. மத்தியான வேளைகளில் கடையில் கூட்டம் குறைந்து, என் கணவர் மேலே வந்து படுத்ததும், கீழே பிரம்பு முறுகும் சத்தம் கேட்கும். கனத்த ஆள் ஒருவர் உட்காருகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்திருக்கிற மாதிரி இன்னொன்று. பலகைத் தரையில் படுத்திருக்கும் எங்கள் காதுக்கு அது நேராக வரும். வெயிலுக்குப் பிரம்பு காய்ந்து விலகுகிறது, அவ்வளவுதான் என்று நான் சொல்வேன். நல்ல விளக்கம்தான். ஆனால் சொல்லிவிட்டு நானும் அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் படுத்திருப்பேன். சில நாள் யாரும் பொரிக்காத கருவாட்டு வாசனை கூடத்தில் வந்து நிற்கும். கீழே கருவாட்டுக் கூடை இருக்கும் வீட்டில் கருவாடு நாறாமல் என்ன செய்யும்? இருந்தாலும் எழுந்துபோய் அடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன்.

"ஆசை தீராமப் போயிட்டான்" என்றாள் அக்கா. "கேக்க வந்திருக்கான். குடுக்கலேன்னா இருக்கிறவனையும் கூட்டிட்டுப் போயிடுவான்."

இருக்கிறவன் என்றால் என் கணவர். நாற்காலியில் இப்போது அவர்தான்.

எல்லா வீடுகளிலும் தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுவரை அப்படித்தான். அக்காவின் பயத்தில் வருஷத்துக்கு ஒரு படையல் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்று ஆயிற்று. ஞாயிறு காலையில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்க் கறி வாங்கி வருவாள். இரண்டு படத்துக்கும் முன்னால் இரண்டு இலை போடுவாள். நெய்ச்சோறு, கொழுப்போடு பிரட்டிய கறி, கருவாட்டுக் குழம்பு, மூளைப் பொரியல், ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், பற்றவைத்த சிகரெட். படையல் சமையலை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது அல்லவா? கையளவுதான் கணக்கு. இரண்டாமவர் உப்பில்லாமல் போனவர் என்பதால் அக்காவின் கை எப்போதும் ஒரு பிடி கூடவே அள்ளும். சாம்பிராணி போட்டுவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு நாங்கள் எல்லாரும் வெளியே நிற்போம். பிறகு கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவோம்.

அதற்கு மேல்தான் விஷயமே. காக்கைக்கு வைத்தது போக, படைத்த இலையை வீசக் கூடாது, வெளியாருக்கும் கொடுக்கக் கூடாது. கழுத்தில் தாலி உள்ளவள் அந்த இலையில் உட்காரக் கூடாது. குழந்தைகள் கூடாது. வீட்டு ஆண்பிள்ளை சாப்பிட வேண்டும். அது எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதுண்டு. ஆக, அண்ணன்மார் இருவரும் எதைத் தின்று போனார்களோ அதையே தம்பி வாராவாரம் இரட்டை இலையில் தின்றார். அவர்கள் பசியாறினால் இவரை விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு. இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புருஷனைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் எவள் வேண்டாம் என்பாள்?

அறுபதுகள் பிறந்தபோது என் கணவரின் சட்டைகள் எல்லாம் பொத்தான் போட மறுத்தன. படியேறினால் மூச்சு வாங்கும். ஒரு ஞாயிறு, இலையை முடித்துவிட்டுக் கீழே இறங்கியவர் படியின் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரியவரின் முகம் அப்படியே அவர் முகத்தில் இருந்தது. நான் அலறிவிட்டேன்.

மறுநாளே ஜாலான் புசாரில் ஒரு கிளினிக்குக்கு டிரைஷா மிதிவண்டியில் கூட்டிப்போனேன். அக்காவும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு துண்டு, ஒரு குடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டாக்டர் தமிழர், பாதி இங்கிலீஷில் பேசுகிறவர். என் கணவரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் ஏறி இறங்குவதைப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். அண்ணன்மார் போன கதையைக் கேட்டார்.

"பிரஷர் ரொம்ப ஹை. அண்ணனுங்களுக்கும் இதேதான் இருந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. உப்பைக் குறைக்கணும். நெய், கொழுப்பு, கருவாடு, ஊறுகாய் வேண்டாம். சிகரெட்டை இன்னைக்கே ஸ்டாப் பண்ணணும். வெயிட் குறையணும். தினம் நடக்கணும்."

"நடக்கிறேனே டாக்டர், மாடிக்கும் கடைக்கும்" என்றார் என் கணவர்.

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்ல ஒரு நாற்காலி இருக்கு டாக்டர். ரெண்டு பேரும் அதுலதான் போனாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நாற்காலி ஒண்ணும் பண்ணாதும்மா. நாள் பூரா அதுலயே உட்கார்ந்திருந்தாத்தான் வம்பு."

கொஞ்சம் கோபமாக வந்தது, அவருக்கென்ன தெரியும் என்று. ஆனால் வீடு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. நாற்காலி, நெய், உப்பு, சிகரெட். எல்லாம் கண்ணெதிரே, கையெட்டும் தூரத்தில் இருந்தவை. நாங்கள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து அவருக்கு நான் சமைத்தேன். காங்கோங் கீரை, பருப்பு, புளியும் மிளகும் போட்டு எண்ணெய் காட்டாத மீன் குழம்பு, உப்பு பெயருக்கு. அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பொறுத்தாள்.

"ஒருத்தனைப் பட்டினி போட்டு அனுப்பிட்டேன். இன்னொருத்தனையும் அப்படியே அனுப்பச் சொல்றியா?"

"அவர் பட்டினியாலயா போனாரு? அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா தின்னதுல போனாரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று உறைத்தது. தின்ன வைத்தது யார்? அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல அக்கா இரண்டு இலையும் போட்டாள். சாம்பிராணி, சிகரெட், எல்லாம் அப்படியே. கதவைத் திறந்து உள்ளே போனோம். என் கணவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தேன். இவர் உட்கார்ந்தால் அந்த வீட்டைவிட்டே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் இலையின் முன்னால் தானே உட்கார்ந்தாள்.

"படைச்ச இலை சும்மா போகக் கூடாது" என்றாள். "எனக்குத்தான் தாலி இல்லையே. நான் சாப்பிடுறேன்."

"அண்ணி, வேணாம்" என்றார் என் கணவர்.

"அது ஆம்பளைங்களைத்தான் தேடுது தம்பி. பொம்பளையை என்ன செய்யும்?"

நெய்ச்சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். அவளுக்குக் கொழுப்பு பிடிக்காது என்று எனக்குத் தோன்றியது. விழுங்கும்போது கழுத்து நரம்பு அசைந்தது. இரண்டு இலையையும் முடித்தாள். அப்போது எனக்கு வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் என் கணவர் கீழே போனபோது அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "டாக்டர் நடக்கச் சொன்னாரில்ல? போ, நடந்துட்டு வா. கல்லாவை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். வெள்ளைச் சேலை உடுத்திய பெண் கல்லாவில் உட்காருவதை அந்தத் தெரு ஒரு வாரம் வாய்மூடாமல் பேசியது. பிறகு பழகிவிட்டது.

என் கணவர் நடந்தார். முதலில் பேரர் பார்க் திடலை விடிந்ததும் ஒரு சுற்று. பிறகு வீடுகளுக்குப் போகிற சாமான்களைத் தாமே தூக்கிக்கொண்டு கிளம்பினார். முதலாளியே மூட்டை தூக்குகிறாரே என்று வாடிக்கையாளர்கள் பதறினார்கள். "என்னண்ணே, கடை படுத்துருச்சா?" என்று ஒருவர் துக்கம் விசாரிப்பது போலவே கேட்டார். சிகரெட்டை விட்ட மாதங்களில் அவர் ஏலக்காயை மென்றுகொண்டு, கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சண்டை பிடித்தார். உடம்பு இளைத்தபோது சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கொரு சந்தேகம். "சீனி வியாதியா? சொல்லு லா, எங்ககிட்ட என்ன மறைப்பு?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நல்லா இருக்கிறார் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

ஆனால் நன்றாகத்தான் இருந்தார். படிகளில் விசில் அடித்துக்கொண்டு ஏறினார். கிளினிக்குக்கு நடந்தே போவோம். நான், அவர், பின்னால் குடையோடு அக்கா. டாக்டர் காற்றை இறக்கிவிட்டு, "குட். குறைஞ்சிருக்கு" என்பார். வெளியே வந்ததும் அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து, "என்ன சொன்னாரு?" என்று கேட்பாள். "குறைஞ்சிருக்காம் அக்கா." அவள் கூரையைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

கீழே பிரம்பு முறுகும் சத்தமும் அந்த வருஷங்களில் கேட்கவில்லை. பசி அடங்கிவிட்டது என்றாள் அக்கா. எப்படிக் கேட்கும்? நாற்காலியில்தான் எப்போதும் ஆள் இருந்ததே.

நான் வந்தபோது மெலிந்திருந்தவள் அக்கா. வருஷம் ஏற ஏற அவள் ரவிக்கைகளை ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருந்த தையல்காரர் பிரித்துப் பிரித்துத் தைத்தார். சாயங்காலங்களில் கால் வீங்கியிருக்கும். உட்கார்ந்தே இருக்கிறாள், அதனால் என்போம். மாடிப்படியில் பாதியில் நிற்பாள்; மூட்டு வலி என்பாள். தலை வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு துணியை இறுகக் கட்டிக்கொள்வாள். ஞாயிறுதோறும் இரண்டு இலை. நெஞ்சு வியாதி எங்கள் வீட்டில் ஆண்களுக்கு வருவது. மீசை மாதிரி. அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அதைத் தாண்டி யோசிக்க எங்களுக்கு நேரமும் இல்லை. கண்ணெல்லாம் ஒரே ஆள் மேல் இருந்தது.

அறுபதுகளின் நடுவில், ஒரு திங்கட்கிழமை. காலையில் அக்கா தாடையைத் தடவிக்கொண்டே சமையலறைக்கு வந்தாள்.

"பல்லு வலியா அக்கா?"

"இல்ல, முதுகுல பிடிச்சு இங்க வரைக்கும் இழுக்குது. வாயுதான். நேத்து சாப்பிட்டது செரிக்கல."

ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். முதுகில் தைலம் தேய்த்துவிட்டேன். முதுகு சில்லென்று ஈரமாக இருந்தது. படுத்துக்கொள்ளச் சொன்னேன். "தம்பி நடக்கப் போகணும்ல" என்று கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள். என் கணவர் ஒரு வீட்டுக்கு அரிசி கொண்டுபோகக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தபோது கல்லாவுக்கு எதிரே ஓர் அம்மா எண்ணெய்ப் போத்தலோடு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி அசந்து தூங்குறாங்க. எழுப்ப வேணாமேன்னு நிக்கிறேன்" என்றாராம்.

என் கணவர் கூப்பிட்ட குரலில் நான் கடைசிப் படிகளில் விழுந்து எழுந்து ஓடினேன். கைகள் இரண்டும் நாற்காலியின் அகலமான கைகளில் பொருந்தியிருந்தன. தலை இலேசாகச் சாய்ந்திருந்தது. பெரியவர் மாதிரியே.

அதே டாக்டர் வந்தார். கண்ணைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு எப்பவாவது பிரஷர் பார்த்திருக்கீங்களா?"

எத்தனை தடவை அவர் கிளினிக்குக்கு வந்திருந்தாள் அக்கா! அந்தப் பட்டைக்கும் அவள் கைக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. அவள் குடையை வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே வாங்க என்று டாக்டர் கூப்பிட்டதில்லை. நாங்களும் கூப்பிட்டதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான். டாக்டர் மேல் கோபம், அந்த இரண்டு படங்கள் மேல் கோபம், என் மேலும்தான். எல்லாரையும்விட அக்கா மேல். பொம்பளையை என்ன செய்யும் என்று எவ்வளவு தெம்பாகச் சொன்னாள்!

காரியங்கள் முடிந்ததும் என் கணவர் தச்சரை வரவழைத்து, நின்றபடி வேலை செய்கிற உயரத்தில் புதிய கல்லா மேசை செய்யச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் கடையில் யாரும் உட்காரவில்லை. நாற்காலியை உடைக்கப் போனார். நான் விடவில்லை. மேலே தூக்கிவந்து படங்களுக்குக் கீழே போட்டேன்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போனபோது என் கையை நானே நீட்டினேன். "என்னையும் பாருங்க டாக்டர்." அதற்கடுத்த தடவை எதிர்வீட்டு அம்மாவைக் கூட்டிப்போனேன். தையல்காரரின் மனைவியை, எண்ணெய்ப் போத்தலோடு நின்ற அம்மாவை, வரமாட்டேன் என்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுகூடப் போனேன். எனக்கு என்ன நோய் இருக்கு என்று சண்டை போட்டவர்களில் இரண்டு பேர் மாத்திரையோடு திரும்பினார்கள். சந்தில் என்னைப் பார்த்தாலே பெண்கள் ஒளிந்துகொள்வார்கள் என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமைப் படையலை நிறுத்தினேன். வருஷத்துக்கு ஒன்று போதும் என்று படங்களிடம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. சுவரில் மூன்று படங்கள். மூன்று இலை போட்டேன். பெரியவருக்குக் கொஞ்சம் நெய்ச்சோறு. இரண்டாமவருக்கு ஒரே ஒரு துண்டு கருவாடு. அவர் அன்றைக்குக் கேட்டது அவ்வளவுதானே. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கை தானாக எடுத்து வைத்தது.

மூன்றாவது இலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னங்க, அக்காவுக்கு என்ன பிடிக்கும்?"

என் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். யோசித்தார். "அண்ணி எல்லாம் சாப்பிடுவாங்களே" என்றார். பிறகு அவருக்கே அது பொருந்தவில்லை போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குச் சோறு போட்ட கை அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஒரே சமையலறையில் நின்ற எனக்கும் தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் போட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டாள். பிறகு செத்தவர்களின் இலையைச் சாப்பிட்டாள். தனக்கென்று எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அந்த இலையில் தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டு, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம். வழக்கமாக அந்த நேரத்தில் நான் மனசுக்குள் சாமி பெயர் சொல்லிக்கொண்டு, உள்ளே எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அன்றைக்குக் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன வேணும், சொல்லுங்க அக்கா" என்றேன். "என்ன வேணுமோ செஞ்சு தர்றேன்."

வெயில் நன்றாகவே அடித்தது. பிரம்பு நாற்காலி உள்ளேதான் கிடந்தது. ஒரே ஒரு தடவை அது முறுகட்டும் என்று நின்றேன், நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை.